தாத்தா காலத்து குண்டு கடியாரம் உங்க கைக்கு வந்தா என்ன பண்ணணும்

வீட்டுல பெரியவங்க காலமானதுக்கு அப்புறம் பாகம் பிரிக்கும்போது நகைக்கு ஆள் இருக்கும், நிலத்துக்கு ஆள் இருக்கும், வெண்கலப் பானைக்குக்கூட ரெண்டு அத்தைங்க பேசுவாங்க, கூடத்து மூலையில ஆளுயரத்துக்கு நிக்கற கடியாரத்துக்கு மட்டும் யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. எங்க வீட்டுல அது எனக்கு வந்தது. ராணிப்பேட்டையில ஒரு டேனரியில கணக்கு எழுதினவர் எங்க தாத்தா, அந்த மொதலாளி வீட்டை காலி பண்ணும்போது அவர் வெலைக்கு வாங்கினது, ஜெர்மன் மெஷின், மூணு பித்தளை குண்டு, கால்மணிக்கு ஒருதரம் மணி அடிக்கும். அதை குடியாத்தத்துல இருந்து சத்துவாச்சாரிக்கு கொண்டு வந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் பட்டும் கேட்டும் கத்துக்கிட்டதை எல்லாம் எழுதறேன், இந்த மாதிரி ஒரு கடியாரம் புதுசா உங்க வீட்டுக்கு வந்து நிக்குதுன்னா உதவும்.

கொண்டு வந்த கதையை மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா முக்கால்வாசி கடியாரம் சாகறது அந்த வண்டியிலதான். குட்டி யானையில படுக்க வெச்சு, போர்வை சுத்தி, கயிறு கட்டி பத்திரமாதான் கொண்டு வந்தோம், ஆனா உள்ள பெண்டுலத்தை கழட்டணும்னு எங்க யாருக்கும் தோணல. வீட்டுக்கு வந்து நிமித்தி வெச்சா ஓடல. ஒரு ரிப்பேர் கடையில இருந்து ஆள் வந்து துரு எடுக்கற ஸ்ப்ரேயை மெஷின் முழுக்க அடிச்சுட்டு போனார், ரெண்டு வாரம் ஓடி மறுபடி நின்னுடுச்சு. மூணு மாசம் கழிச்சு பழைய மெக்கானிக் ஒருத்தரை நைனா தேடிப் பிடிச்சு கூட்டிட்டு வந்தார், எழுபது வயசுக்கு மேல இருக்கும். பெண்டுலம் தொங்கற மெல்லிசான பட்டை ஸ்பிரிங் மடங்கிப் போச்சுனு அதை மாத்தினார். மாத்தியும் பத்து நிமிஷத்துல நின்னுது. நான் உடனே மெஷின்ல கைய விட போனேன். "இன்னாத்துக்கு கைய வைக்கிற, மொதல்ல காத குடு, அது நொண்டுதுபா"ன்னார். அப்புறம் ஒரு கல்யாணப் பத்திரிகையை ரெண்டா மடிச்சு இடது பக்கத்து காலுக்கு அடியில சொருகினார், ஓட ஆரம்பிச்சுது, அவ்வளவுதான் அவர் பண்ணினது. பழுதுனு நாம நெனைக்கறதுல பாதி சாய்வுதான், அதை கண்டுபிடிக்கறது காதுதான், இந்த ஒண்ணு மனசுல இருந்தா மிச்சம் எல்லாம் சுலபம்.

உங்ககிட்ட இருக்கறது எந்த வகைனு பாருங்க

டயல்ல மூணு சாவி ஓட்டை இருந்து, கதவை தொறந்தா குண்டுங்க கப்பியில தொங்கினா அது கேபிள் மாடல், ஹேண்டில் மாதிரி ஒரு சாவியை விட்டு சுத்தணும். ஓட்டையே இல்லாம குண்டுங்க செயின்ல தொங்கினா செயின் மாடல், அதுக்கு சாவி கிடையாது, செயினோட இன்னொரு முனையை இழுக்கணும். ஓட்டை இருக்கு ஆனா குண்டே இல்லனா அது ஸ்பிரிங் கடியாரம், அதோட வைத்தியம் வேற. ரெண்டே குண்டு இருந்தா அது மணிக்கணக்கு மட்டும் அடிக்கும், கால்மணி ராகம் இருக்காது.

மூணு குண்டு இருக்கற மெஷின்ல பொதுவா நடு குண்டு நேரத்தை ஓட்டும், இடது குண்டு மணிக்கணக்கை அடிக்கும், வலது குண்டு கால்மணி ராகத்தை அடிக்கும். ராகத்துக்கு நிறைய சுத்தியலை தூக்கணும்ங்கறதால வலது குண்டுதான் பெரும்பாலும் கனமா இருக்கும். வெளிய பாத்தா மூணும் ஒரே மாதிரி பித்தளைக் குழாய், உள்ள போட்டிருக்கற இரும்பு, ஈயத்தோட அளவுதான் வேற. மாத்தி மாட்டினா ராகம் இழுத்து இழுத்து பாடும், இல்ல பாதியில நிக்கும். அதனால கழட்டும்போதே அடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டி இ, ந, வ-னு எழுதிடுங்க. ஏற்கனவே கலந்துபோயி இருந்தா பழைய பேப்பர்காரர் தராசுல வெச்சு பாத்தாலே தெரிஞ்சுடும்.

ஒரு கணக்கு சொல்றேன். நாலு கிலோ குண்டு ஒரு வாரத்துல 1.2 மீட்டர் இறங்குதுனு வெச்சுக்கங்க, அதுல கிடைக்கற மொத்த சக்தி 47 ஜூல். அரை வாட் நைட் லாம்பு ஒண்ணை ஒன்றரை நிமிஷம் எரிய வைக்கத்தான் அது காணும். அதை வெச்சுதான் ஏழு நாளும் ராத்திரி பகலா அந்த முள்ளு ஓடுது. இவ்வளவு கொஞ்சமான சக்தியில ஓடற பொருள்ங்கறதாலதான் சின்ன சாய்வு, துளி அழுக்கு, கெட்டியான எண்ணெய் எதையும் அதால தாங்க முடியறது இல்ல.

வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி

கேபிள் மாடல்னா குண்டை சட்டுனு கழட்டக் கூடாது. கழட்டின உடனே கேபிள் லூசாகி உள்ள டிரம்முல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி சிக்கிக்கும், அப்புறம் மெஷினை இறக்காம அதை எடுக்க முடியாது. கப்பிக்கும் மேல இருக்கற பலகைக்கும் நடுவுல தெர்மோகோல் துண்டோ சுருட்டின துணியோ வெச்சு, சாவியை மெதுவா சுத்தி அது லேசா பிடிக்கற அளவுக்கு ஏத்துங்க, கேபிள் விறைப்பா நிக்கும், அதுக்கு அப்புறம் குண்டை கழட்டுங்க. செயின் மாடல்னா குண்டை கழட்டறதுக்கு முன்னாடி பலகைக்கு கீழ செயினோட ரெண்டு பக்கத்தையும் சேத்து மெல்லிசு கம்பியால கட்டிடுங்க, இல்லனா பல்சக்கரத்துல இருந்து வழுக்கி மொத்தமும் கீழ கொட்டும்.

பெண்டுலத்தை கண்டிப்பா கழட்டணும். ஒரு கையில அதோட அடியில இருக்கற வட்டத் தட்டை தாங்கிட்டு லேசா மேல தூக்கினா கொக்கியில இருந்து வந்துடும், முறுக்கக் கூடாது. மேல இருக்கற பட்டை ஸ்பிரிங்கு அவ்வளவு மெல்லிசு, ஒருதரம் மடங்கினா நிமித்தி பிரயோஜனம் இல்ல, புதுசுதான் போடணும். பின்னாடி மணி அடிக்கற நீளக் கம்பிங்களுக்கும் சுத்தியலுக்கும் நடுவுல பழைய நியூஸ் பேப்பரை மடிச்சு லேசா சொருகி வைங்க. அந்தக் கம்பிங்க பாக்க முரடா இருக்கும், ஆனா மேல பிடிச்சிருக்கற எடத்துல ரொம்ப மெலிசு, ஒரு இடி வாங்கினா ஒடிஞ்சுடும்.

பித்தளையை வெறும் கையால தொடாதீங்க, வேர்வை பட்ட எடத்துல ஒரு மாசத்துல விரல் ரேகை கறுப்பா விழுந்துடும், காட்டன் கையுறையோ பழைய வேட்டித் துணியோ போதும். இதோட சேந்த இன்னொண்ணு, எங்க ஆயா பொங்கலுக்கு முன்னாடி குத்துவிளக்கு தேய்க்கற கையோட இந்த குண்டுங்களையும் புளி போட்டு தேய்ச்சு வெச்சுடுவாங்க, பளபளனுதான் இருந்தது, ஆனா அது மேல பூசியிருந்த வார்னிஷ் முழுக்க போயிடுச்சு, இப்போ ரெண்டு மழையில பச்சையா களிம்பு ஏறுது. புளி, எலுமிச்சம்பழம், பித்தளை தேய்க்கற பவுடர் எதுவும் வேணாம், காஞ்ச மெத்துத் துணி ஒண்ணு போதும்.

எங்க நிக்க வைக்கணும்

நம்ம வேலூர் பக்கத்துக்குனு சில விஷயம் இருக்கு. மேக்கு பாத்த ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க, கத்திரி வெயில்ல மூணு மணிக்கு மேல அடிக்கற வெயிலுக்கு மரம் வெடிக்கும், பாலிஷ் பொரிஞ்சு உரியும், மெஷினுக்குள்ள எண்ணெய் காயும். ஏசிக்கு நேர் கீழயும் வேணாம். ஐப்பசி கார்த்திகையில ஓதம் ஏறற சுவர் இருந்தா அதுல இருந்து நாலு விரல் தள்ளி வைங்க. செல்லு, அதான் கரையான், ஏறற பழைய வீடா இருந்தா அடியில ஒரு கடப்பா கல் போடுங்க, அளவா வெட்டித் தருவாங்க. அது செல்லுக்கும் தடுப்பு, கால் நாலும் அசையாம நிக்கறதுக்கும் நல்ல தளம். கார்ப்பெட் மேல, ஆடற டைல்ஸ் மேல நிக்க வைக்கவே வேணாம்.

மட்டம் பாக்க மேஸ்திரிகிட்ட இருக்கற ரசமட்டம் போதும், முன்ன பின்ன ஒருதரம், பக்கவாட்டுல ஒருதரம் வெச்சு பாருங்க. பின்னால சாஞ்சா பெண்டுலம் பின்பலகையில உரசும். அப்புறம் பெட்டியோட முதுகை ஒரு எல் ஆணி வெச்சு சுவரோட திருகிடுங்க. குழந்தைங்க இருக்கற வீட்டுல இது கட்டாயம், பன்னெண்டு பதினஞ்சு கிலோ குண்டோட ஒரு பெட்டி சாஞ்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியது இல்ல. சுவரோட பிடிக்கறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அதை கடைசியில சொல்றேன்.

நின்ன பிறகு பெண்டுலத்தை மாட்டி, குண்டுங்களை அது அது எடத்துல மாட்டி, கப்பிக்கு மேல வெச்ச துணியை எடுங்க. கேபிள் மாடல்ல குண்டு பாரத்துல கேபிள் கொஞ்சம் இறங்கின பிறகுதான் அது லேசா வரும், பிடிச்சு இழுக்காதீங்க. சுத்தியலுக்கு சொருகின பேப்பரையும் மறக்காம எடுத்துடுங்க.

காதை குடுக்கறது

இப்போ டிவி, ஃபேன் எல்லாத்தையும் நிறுத்திட்டு, பெண்டுலத்தை ஒரு பக்கமா கொஞ்சம் இழுத்து விட்டுட்டு ரெண்டடி தள்ளி கண்ணை மூடி நில்லுங்க. டிக், டாக், டிக், டாக்னு ஒரே இடைவெளியில கேட்டா நல்லா நிக்குது. டிக்டாக்... டிக்டாக்... டிக்டாக்னு ரெண்டு ரெண்டா ஒட்டிக் கேட்டா நொண்டுது, இன்னும் கொஞ்ச நேரத்துல நிக்கப் போகுது. மொத நாள் எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியல, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி ஹெட்ஃபோன்ல கேட்டேன், அப்போதான் பளிச்சுனு தெரிஞ்சது, இந்த வழி புதுசா கேக்கறவங்களுக்கு நல்லா உதவும்.

நொண்டினா பெட்டியோட ஒரு பக்கத்தை லேசா தூக்கிப் பாருங்க, சரியாகலனா அடுத்த பக்கம். எந்தப் பக்கம் தூக்கினா சமமா கேக்குதோ அந்தக் காலுக்கு அடியில அட்டையோ தகடோ சொருகுங்க. ரெண்டு மூணு பத்திரிகை கனத்துலயே முடிஞ்சுட்டா அப்படியே விட்டுடலாம். விரல் கனத்துக்கு தூக்க வேண்டியிருந்தா பெட்டி கோணலா தெரியும், அப்போ உள்ள ஒரு வேலை இருக்கு. பெண்டுலத்தை தள்ளி விடறதுக்கு மெஷினுக்கு பின்னாடி ஒரு மெல்லிசு கம்பி தொங்கும், அதோட மேல்முனையில நங்கூரம் மாதிரி ஒரு கொக்கி பல்சக்கரத்தை மாத்தி மாத்தி பிடிச்சு விடும், அந்த சத்தம்தான் டிக் டாக். எந்தப் பக்கத்தை தூக்கினா சரியாச்சோ அந்தப் பக்கமா அந்தக் கம்பியோட கீழ்முனையை ஒரு மயிரிழை வளைக்கணும். ஒரு கை மேல கம்பியை பிடிச்சுக்கணும், இன்னொரு கைதான் வளைக்கணும், மேல பிடிக்காம வளைச்சா பாரம் முழுக்க அந்தக் கொக்கியோட அச்சுல விழும். புது மெஷின் பலதுல அந்தக் கம்பி இறுக்கமா நகர்ற மாதிரி இருக்கும், பெண்டுலத்தை ஒரு பக்கமா வழக்கத்தை விட அதிகமா கொண்டுபோயி விட்டாலே தானா சமம் பிடிச்சுக்கும். கை நடுங்கற ஆளா இருந்தா இந்த ஒரு வேலைக்கு மட்டும் தெரிஞ்சவரை கூப்பிடுங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

நேரம் வைக்கறது

பெரிய முள்ளை மட்டும்தான் நகத்தணும், முன்பக்கமா மட்டும்தான். ஒவ்வொரு கால்மணியிலயும் நிறுத்தி அது பாடி முடிக்கற வரைக்கும் காத்திருந்து அப்புறம் நகத்துங்க. அவசரப்பட்டு சுத்தினா மணியும் முள்ளும் ஆளுக்கு ஒரு பக்கம் போயிடும். கடியாரம் பத்து நிமிஷம் முன்னாடி ஓடுதுன்னா முள்ளை பின்னாடி தள்ளாதீங்க, பெண்டுலத்தை நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு விடுங்க, அதுதான் சுத்தமான வழி. எங்க தாத்தா ரேடியோ செய்திக்கு முன்னாடி வர்ற பீப் சத்தத்துக்கு கைய பெண்டுலத்து மேல வெச்சுட்டு காத்திருப்பார், நமக்கு ஃபோன் இருக்கு.

ராகம் வெஸ்ட்மின்ஸ்டரா இருந்தா காலுக்கு 4 சுரம், அரைக்கு 8, முக்காலுக்கு 12, முழு மணிக்கு 16, அதுக்கு அப்புறம் மணிக்கணக்கு. இது லண்டன் பிக் பென்ல 1859-ல இருந்து அடிக்கற ராகம், அதுக்கு முன்னாடியே 1793-ல கேம்பிரிட்ஜ்ல ஒரு சர்ச்சுக்காக போட்டது. எண்ணிக்கை மாறி அடிச்சா பதறாதீங்க, நிறைய மெஷின்ல ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள தானே சரி பண்ணிக்கும். அடிக்கற மணிக்கும் சின்ன முள்ளுக்கும் ஒத்துப் போகலனா, உதாரணத்துக்கு முள்ளு நாலு காட்டுது ஆனா அஞ்சு அடிக்குதுன்னா, சின்ன முள்ளு வெறும் இறுக்கத்துலதான் உக்காந்திருக்கும், அதை மெதுவா அஞ்சுக்கு நகத்திட்டு அப்புறம் பெரிய முள்ளால சரியான நேரத்துக்கு முன்னாடி கொண்டு வந்துடுங்க. சின்ன முள்ளை தொடலாம்ங்கறது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

டயல் மேல நிலா தட்டு இருந்தா அதை வைக்கறது நமக்கு ரொம்ப சுலபம், வீட்டுல தினசரி காலண்டர் தொங்குதே. பௌர்ணமி அன்னிக்கு முழு நிலா பன்னெண்டுக்கு நேர் மேல நடுவுல நிக்கற மாதிரி தட்டை விரலால நகத்திட்டா போதும், இருபத்தொன்பதரை நாளுக்கு ஒருதரம் முழு நிலா அது பாட்டுக்கு வரும், கடியாரம் நிக்காம இருக்கற வரைக்கும் மறுபடி தொட வேண்டியது இல்ல.

வாரம் ஒருதரம் சாவி

இது பெரும்பாலும் எட்டு நாள் மெஷின், அதனால ஏழு நாளைக்கு ஒருதரம், ஒரே கிழமையில, கிட்டத்தட்ட ஒரே நேரத்துல சாவி குடுக்கணும். நான் ஞாயித்துக்கிழமை காலையில கறி வாங்கப் போறதுக்கு முன்னாடி குடுத்துடுவேன், தாத்தாவும் அப்படித்தான். மணி அடிக்கும்போதோ அடிக்கப் போற ரெண்டு நிமிஷத்துலயோ குடுக்க வேணாம்.

கதவை தொறந்து வெச்சுக்கங்க, குண்டு ஏறறதை கண்ணால பாத்துட்டே சுத்தணும். சாவியை ஓட்டையில முழுசா உக்கார வெச்சு மெதுவா ரெண்டு பக்கமும் தொட்டுப் பாருங்க, ஒரு பக்கம் அசையாது, இன்னொரு பக்கம் கடகடனு பல் விழற சத்தத்தோட குண்டு மேல வரும். கப்பி மேல பலகையை இடிக்கறதுக்கு ரெண்டு விரல் முன்னாடியே நிறுத்திடுங்க, இடிச்சா கேபிள் தேயும், பின்னால ஒருநாள் அறும். சுத்தும்போது குண்டை கையால தூக்கிக் குடுக்கறது தப்பு, கேபிள் லூசாகும். செயின் மாடல்லயும் அதேதான், குண்டு இல்லாத முனையை நேரா கீழ இழுங்க, பக்கவாட்டுல இழுத்தா பல்லு விட்டு வெளிய வந்துடும். கிணத்துல தண்ணி சேந்தினவங்களுக்கு இந்த கை தானா வரும், ஒரு இழுப்பு முடிஞ்சு கைய மாத்தும்போது பட்டுனு விடாம இருக்கறதுதான் அதுலயும் இதுலயும் விஷயம்.

ராத்திரி சத்தம் வேணாம்னு மணியை நிறுத்தற லீவர் நிறைய மாடல்ல இருக்கும், அதை மணி அடிக்காத நேரத்துல மட்டும் நகத்துங்க. அப்படி நிறுத்தி வெச்ச வாரத்துல நடு குண்டு மட்டும் இறங்கி மத்த ரெண்டும் மேலயே நிக்கும், அது பழுது இல்ல. பத்து நாள் ஊருக்குப் போறீங்கன்னா பெண்டுலத்தை கையால நிறுத்திட்டு போங்க, குண்டு தரை தட்டி கேபிள் லூசாகறதை விட அது மேல்.

வேகம் கூட்டறது குறைக்கறது

பெண்டுலத்து அடியில ஒரு நட்டு இருக்கும். அதை திருப்பி பெண்டுலத் தட்டு மேல ஏறினா வேகம், கீழ எறங்கினா மெதுவு. ஒரு பக்கம் போக ஒரு செகண்ட் எடுக்கற பெண்டுலத்தோட நீளம் 994 மில்லிமீட்டர், அதுல ஒரே ஒரு மில்லிமீட்டர் மாத்தினா நாளைக்கு 43 செகண்ட் மாறும். அதனால கால் சுத்து, அரை சுத்துனுதான் திருப்பணும், திருப்பும்போது ஒரு கையால தட்டை பிடிச்சுக்கணும், இல்லனா முறுக்கு மேல பட்டை ஸ்பிரிங்கு வரைக்கும் போகும். திருப்பிட்டு மூணு நாள் அப்படியே விட்டு, ஃபோன் நேரத்தோட ஒத்துப் பாத்து, அப்புறம் அடுத்த திருப்பு. பொறுமை இல்லாம தெனம் திருகினா எப்பவுமே ஒரு நிலைக்கு வராது.

கோடையில மெதுவா போகும், அதை பழுதுனு நெனைக்காதீங்க. இரும்புக் கம்பி பெண்டுலம்னா பத்து டிகிரி சூடு ஏறினா கம்பி நீண்டு நாளைக்கு ஏறக்குறைய 5 செகண்ட் பின்னாடி போகும், மரக்கம்பியா இருந்தா அதுல ஒரு பங்குதான். மார்கழிக்கும் சித்திரைக்கும் நம்ம ஊர்ல இருக்கற சூட்டு வித்தியாசத்துக்கு வாரத்துல ஒரு நிமிஷம் வரைக்கும் மாறலாம். நான் வருஷத்துக்கு ரெண்டே தரம்தான் நட்டை தொடறேன். பிக் பென்லயே இதே வேலைக்கு பெண்டுலத்து மேல பழைய பென்னி காசு வெச்சு எடுக்கறாங்க, ஒரு காசுக்கு நாளைக்கு 0.4 செகண்ட்.

எண்ணெய்

இங்கதான் நல்ல மனசோட கெடுக்கறவங்க அதிகம். தேங்கா எண்ணெய் வேணாம், அது 24 டிகிரிக்கு கீழ போனா உறையும், மார்கழி விடியக்காலையில பாட்டிலுக்குள்ள கட்டியாகற அதே எண்ணெய் மெஷினுக்குள்ளயும் கட்டியாகும். வெளக்கெண்ணெய் நாளாக ஆக பிசினாகும். துரு எடுக்கற ஸ்ப்ரே இருக்கற எண்ணெயையும் கழுவிட்டு போயிடும், எங்க வீட்டுல நடந்தது அதுதான். கடியாரத்துக்குன்னே விக்கற எண்ணெய் இருக்கு, சின்ன பாட்டில் வாங்கினா பல வருஷம் வரும்.

மெஷினோட முன் தகடுலயும் பின் தகடுலயும் ஒவ்வொரு அச்சு முனையைச் சுத்தி குட்டிக் கிண்ணம் மாதிரி பள்ளம் இருக்கும். ஊசி முனையில எடுத்த ஒரு சொட்டு, கடுகுல பாதி, அந்தப் பள்ளத்துல மட்டும். பள்ளம் நெரம்பி வழிஞ்சா அதிகம், வழிஞ்ச எண்ணெய் உள்ள இருக்கறதையும் சேத்து இழுத்துட்டு கீழ போயிடும், பஞ்சால ஒத்தி எடுங்க. டிக் டாக் கொக்கி பல்லை தொடற எடத்துல அதுலயும் பாதி. பல்சக்கரத்து பல்லுங்களுக்கு எண்ணெய் கூடாது, செயினுக்கும் கூடாது, எண்ணெய்ல புழுதி ஒட்டினா உப்புத்தாள் மாதிரி அரிச்சு அச்சு ஓட்டை முட்டை வடிவமாகிடும். நம்ம ஊர் புழுதிக்கு கதவு கண்ணாடியோட இடுக்கை சரியா மூடி வைக்கறது எண்ணெயை விட முக்கியம்னு நான் நெனைக்கறேன். மூணுல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் எண்ணெய் போதும். ஏற்கனவே கறுப்பா பசை மாதிரி இருந்தா அது மேல புது எண்ணெய் போட்டு பிரயோஜனம் இல்ல, மெஷினை இறக்கி பிரிச்சு கழுவணும், அது தெரிஞ்சவங்க வேலை.

அடிக்கடி வர்ற தொந்தரவு

மணி மட்டும் அடிக்கல, ஆனா ஓடுதுன்னா மொதல்ல வலது குண்டு தரையில உக்காந்திருக்கானு பாருங்க, அடுத்து நிறுத்தற லீவர். பெரும்பாலான மெஷின்ல ராகம் முடிஞ்சாதான் மணிக்கணக்கு அவிழும், அதனால ராகம் மாட்டிக்கிட்டா ரெண்டும் ஊமையாகிடும். டங்குனு கேக்க வேண்டியது டொப்புனு கேட்டா சுத்தியல் கம்பி மேலயே ஒட்டி நிக்குதுனு அர்த்தம், அடிச்ச பிறகு ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளி நிக்கணும், சுத்தியலோட மெல்லிசு காம்பை லேசா பின்னால வளைச்சா போதும், நீளக் கம்பியை தொட வேணாம். கேபிள்ல ஒரு இழை பிரிஞ்சு விரல்ல குத்தினாலும் அந்த வாரமே மாத்திடுங்க, அறுந்து விழுந்தா நாலு கிலோ குண்டு அடிப்பலகையை உடைச்சுட்டுதான் நிக்கும். நான் உள்ள அடியில ஒரு பழைய தலகாணியை மடிச்சு வெச்சிருக்கேன்.

அப்புறம் சுவரோட திருகணும்னு சொன்ன காரணம். எங்க கடியாரம் எல்லாம் சரியா இருந்தும் புதன் ராத்திரி இல்ல வியாழன் நின்னுடும், ஞாயிறு சாவி குடுத்தா மறுபடி புதன் வியாழன், ஆறு வாரம் இதே கதை. ஆயா கிழமையில ஏதோ தோஷம்னு சூடம் ஏத்தினாங்க. ஒரு புதன்கிழமை ராத்திரி டார்ச்சை அடிச்சுட்டு கதவுக்கு முன்னாடியே உக்காந்துட்டேன். குண்டுங்க எறங்கி சரியா பெண்டுலத் தட்டோட உயரத்துக்கு வந்திருந்தது, பாத்துட்டே இருக்கேன், நடு குண்டு தானா மெல்ல ஆட ஆரம்பிக்குது, பெண்டுலம் சுருங்கிட்டே வருது. விஷயம் இதுதான், கேபிளோட நீளமும் பெண்டுலத்தோட நீளமும் ஒண்ணாகற அந்த ஒரு நாள்ல குண்டும் அதே தாளத்துல ஆடத் தயாரா தொங்குது, பெட்டி கொஞ்சம் அசைஞ்சா போதும், பெண்டுலத்தோட சக்தியை அது வாங்கிக்கும். அடுத்த நாளே ரெண்டு எல் ஆணி வாங்கிட்டு வந்து சுவரோட இறுக்கினேன், அன்னியில இருந்து புதன்கிழமை நின்னது இல்ல.

கடைசியா ஒரு வேலை, கதவோட உள்பக்கத்துல பென்சில்ல தேதி எழுதி வைங்க, எண்ணெய் எப்போ போட்டது, கேபிள் எப்போ மாத்தினது, நட்டு எவ்வளவு திருப்பினது. தாத்தா எழுதினது எங்க கதவுல இன்னும் இருக்கு, சாய்வான கணக்குப்பிள்ளை எழுத்துல "எண்ணெய் 74 தை", "எண்ணெய் 78 மாசி", "கேபிள் வலது"னு ஒண்ணு கீழ ஒண்ணா. எந்த கேபிள் பழசு, எத்தனை வருஷமா எண்ணெய் இல்லாம ஓடியிருக்குனு அந்த மெக்கானிக் அதைப் பாத்துதான் சொன்னார். அதுக்குக் கீழதான் இப்போ நானும் எழுதறேன், கடைசி வரி "நட்டு கால் சுத்து மேல, சித்திரை".